வழியில் வந்த முரசுச் சத்தம்

ஏரிக்கு அந்தக் கரையில் ஒருத்தி துணி துவைப்பதை இந்தக் கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், கொன்றையூர் மகாராஜாவைவிட உங்களுக்கு ஒரு விஷயம் கூடுதலாகத் தெரியும். பாவம், அவர் துணி துவைக்கிற பக்கம் எங்கே போனார்!

அந்த ஊரில் ஒரு வழக்கம். மத்தியானம் அம்மன் கோயில் முரசு ஒரு தரம் ஒலிக்கும். அதைக் காதால் கேட்ட பிறகுதான் ராஜா முதல் கவளத்தை வாயில் வைக்கலாம். முந்திக்கொண்டால் மழை பொய்த்துவிடுமாம். பழைய அரண்மனை கோயிலை ஒட்டியே இருந்ததால் ஒரு தொந்தரவும் இல்லை. பூபாலத்தேவ மகாராஜாவுக்குத்தான் காற்றாடச் சாப்பிட ஆசை வந்து, ஏரியின் மறுகரையில் புது மண்டபம் கட்டினார்.

முதல் நாள். தலைவாழை இலை நிறைய விருந்து. முரசு அடிக்கச் சொல்லி சேவகன் கொடியை உயர்த்தினான். அக்கரையில் கோயில் முரசுக்காரன் மூக்கன் கோலை ஓங்கி முரசின் மேல் போட்டான். கோல் விழுந்ததைப் பார்த்த ராஜா கவளத்தை வாயில் போட்டு மெல்லவே ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு வந்தது, 'டம்' என்று சத்தம்.

ராஜாவுக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"முரசுக்கு முன்னாடி என்னைச் சாப்பிட வெச்சுட்டானே!"

காரியக்காரர் நரசப்பன் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "சோம்பேறிப் பயல், மகாராஜா. கை ஒரு நேரம், சத்தம் ஒரு நேரம். என் மச்சினன் அடிச்சா கையோட சத்தம் வரும்."

"நாளைக்குக் கையும் சத்தமும் சேர்ந்து வரணும். இல்லேன்னா மூக்கன் குடும்பத்தோட எல்லையைத் தாண்டட்டும். வேலை உன் மச்சினனுக்கு."

சபையில் யோசனை சொல்லுகிறவள் செங்கமலம். நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது அவளுக்கு. ஆனால் நரசப்பன் நெய் ஊற்றிவிட்ட எரிச்சலில் இருக்கிறவரிடம் யார் விளக்கம் சொல்லுவது? வீட்டில் பசியோடு அழுகிற பிள்ளைக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? முதலில் வேடிக்கை காட்ட வேண்டும், புத்தி பிறகு.

"சேர்ந்தே வரும், மகாராஜா," என்றாள். "ஆனா ஒரே அடியோட நிறுத்த வேண்டாம். நீங்க கொடியை இறக்குற வரைக்கும் அவன் அடிச்சுக்கிட்டே இருக்கட்டும்."

"அடிக்கட்டும்."

சாயங்காலம் மண்டபத்து வாசலில் உரலைப் போட்டு உலக்கையைக் கையில் எடுத்தாள். மூக்கனை அக்கரையில் அடிக்கச் சொல்லிவிட்டு, இங்கே நெல் குத்தினாள். கோல் விழும்போது ஒரு குத்து. வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில், அடுத்த குத்து விழும்போது சரியாகச் சத்தம் வந்து சேர்ந்தது. செங்கமலம் சிரித்துக்கொண்டாள். உரலையும் உலக்கையையும் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனாள்.

மூக்கன் அழுது வீங்கின முகத்தோடு நின்றான். "தாயே, என் கை தாமதிக்கலையே."

"தெரியும்டா. உன் பெண்டாட்டி எங்கே? பேச்சி, நாளைக்கு இவன் பக்கத்துல உட்கார்ந்து நெல்லு குத்து. நான் குத்திக் காட்டுற இதே வேகம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூக்கா, அவ உலக்கை விழுறப்போ உன் கோலும் விழணும்."

"முதல் தடவையா என் தாளத்துக்கு ஆடப் போறாரு," என்றாள் பேச்சி.

மறுநாள் கொடி உயர்ந்தது. ராஜா தலையைக் குனிந்து இலையைச் சுற்றி நீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தார். கோல் விழுந்தது, 'டம்'. கோல் விழுந்தது, 'டம்'. கையும் சத்தமும் ஒட்டிப் பிறந்த மாதிரி.

"அடடா, இப்படியில்ல அடிக்கணும்," என்று ராஜா குளிர்ந்து போனார். நரசப்பன் முகம் வேப்பங்காய் தின்றது போல ஆயிற்று.

"போதும்," என்று ராஜா கொடியை இறக்கச் சொன்னார். மூக்கன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

'டம்.'

வாய்க்குப் போன கவளம் பாதியில் நின்றது. "அதை அடிச்சது யாரு?"

"மூக்கன்தான், மகாராஜா."

"கை மேலே இருக்கே!"

"கீழே இருந்தப்போ அடிச்சது இப்போதான் வந்து சேர்ந்துச்சு. நீங்க இவ்வளவு நேரம் ஒவ்வொரு அடியோடவும் கேட்டது அதுக்கு முந்தின அடியோட சத்தம்." செங்கமலம் ஏரியைக் காட்டினாள். "அதோ எருமை தண்ணியில விழுந்துச்சு. அலை நம்ம படித்துறைக்கு இன்னும் வரலை. எருமை சோம்பேறியா?"

எல்லோரும் பார்த்தார்கள். வளையம் விரிந்து வந்தது. வழியில் இருந்த தாமரை இலை ஏறி இறங்கி, இருந்த இடத்திலேயே நின்றது. அலை மட்டும் படியைத் தொட்டது.

"தண்ணி வரலை, அதோட ஆட்டம் வருது. முரசுத் தோல் அதிர்ந்தா காத்தும் அப்படித்தான் ஆடிக்கிட்டே வருது. கண்ணுக்குத் தெரியறது உடனே தெரிஞ்சுடும், காதுக்கு வர்றது ஏரியைத் தாண்டித்தான் வரணும். பழைய அரண்மனைக்குக் கோயில் பக்கத்து வீடு, அதனால தெரியலை. தாமதமா வந்ததுக்குத் தண்டனைன்னா, சத்தத்துக்கு விலங்கு போடுங்க."

"கண்கட்டு வித்தை," என்றார் நரசப்பன்.

"இருக்கலாம். நாளைக்கு உங்க மச்சினன் ஒரே ஒரு அடி அடிக்கட்டும். கையோட சத்தம் வந்தா வேலை அவருக்கு. பின்னாடி வந்தா, மூக்கனுக்குச் சொன்ன தண்டனை அவருக்கு. சம்மதமா?"

நரசப்பன் இருமினார். "மச்சினனுக்கு ரெண்டு நாளா தோள் வலி."

ராஜா சிரித்த சிரிப்பில் கவளம் இலையிலேயே விழுந்தது. மூக்கன் வேலை மூக்கனுக்கே என்றார். அன்று குத்தின அரிசியோடு ஒரு கறவை மாடு பேச்சிக்கு. தன் விரல் மோதிரத்தைக் கழற்றிச் செங்கமலத்துக்குக் கொடுத்தார். பிறகு இலையைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

"செங்கமலம், மூக்கன்கிட்ட என் சார்பா ஒண்ணு சொல்லேன். நாளையிலேர்ந்து நான் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போறப்பவே அடிச்சுடச் சொல்லு. சத்தம் அதுபாட்டுக்கு வழியில வந்துக்கிட்டு இருக்கட்டும். சோறு ஆறிப் போகுதும்மா."