மகா காந்தமும் டப்பா டிவியும்

பழைய டப்பா டிவிகளைத் தேடிச் சேர்த்து, கலர் சரிபண்ணி ஓடவைக்கிறவள் ஞானசவுந்தரி. ஒருநாள் அவள் இருந்த தறிக்காரர் ஊருக்குக் காந்த பெல்ட் விற்க ஒரு வைத்தியர் வந்தார். தன் புகழ் பாடும் படத்தைப் போட்டுக்காட்ட, கல்யாண மண்டபத்துக்கு அவள் டிவி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

"இடுப்பு வலி மூணே நாள்ல ஓடிடும்!" என்றார். தறி ஓட்டி இடுப்பொடிந்த பெண்கள், பெல்ட்டுக்காகக் காதுத் தோட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள்.

"இது ஆணியைக்கூட இழுக்கலையேங்கய்யா?" என்று பெல்ட்டில் ஓர் ஆணியை வைத்துப் பார்த்துக் கேட்டாள் சவுந்தரி.

"ஆணியை இழுக்கிறது மட்டக் காந்தம். இது கண்ணுக்கே தெரியாத மகா காந்தம்! முடிஞ்சா இல்லைன்னு நிரூபிச்சுக் காட்டு!"

சவுந்தரி கும்பிட்டாள். "மன்னிச்சுக்கோங்கய்யா. பெல்ட்டை மட்டும் என் டிவி பக்கம் கொண்டுவந்துடாதீங்க. காந்தம் பட்டா கலர் கெட்டுப்போகும்."

வைத்தியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எல்லாரும் பாருங்க!" என்று பெல்ட்டைத் திரையில் வைத்து அழுத்தினார். படம் அப்படியே இருந்தது. தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"என் டிவி தப்பிச்சது. ரொம்ப நன்றிங்கய்யா" என்ற சவுந்தரி, தன் மணிபர்சைத் திரையருகே நீட்டினாள். பர்சை மூடுகிற குட்டிக் காந்தம் பட்டதுமே, படத்தில் பேசிக்கொண்டிருந்த வைத்தியரின் முகம் ஊதாவாகிவிட்டது.

தோடுகள் காதுக்குத் திரும்பின.

மறுநாள் காலை அவள் வாசலில் ஒரே கூட்டம். ஆளுக்கொரு டப்பா டிவியைப் பரணிலிருந்து இறக்கி, இடுப்பில் சுமந்துவந்து நின்றார்கள் அந்தப் பெண்கள்.

"உனக்கு வேற என்னத்தக்கா தர்றது?"

கண் கலங்கிய சவுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். "இடுப்பு வலிக்காரிங்க தூக்குற சாமானாடி இது!"