ஆமையை நிறுத்திவைத்த சபை

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. அதன் மண்கரையில் நண்டுகள் வளை தோண்டும். மழைக்காலத்தில் அந்த வளைகள் வழியே தண்ணீர் கசியும். அதற்காக ஓர் ஆமையைக் காவல் வைத்திருந்தார்கள். ஆமை தினமும் கரைமேல் நடக்கும். ஓட்டையைக் கண்டால், "ஓட்டை! ஓட்டை!" என்று கத்தும். பக்கத்தில் எந்த மிருகம் இருந்தாலும் ஓடிவந்து களிமண் வைத்து அடைக்க வேண்டும். அந்தக் காட்டில் அரசாங்கம் என்றால் அவ்வளவுதான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்தா காட்டுச் சபையில் கூடிய நம் மேதாவிகளுக்கு ஞானம் பிறக்க வேண்டும்!

"இவ்வளவு பெரிய ஏரிக்கு ஒரே ஓர் ஆமையா? வெட்கக்கேடு!" என்றது நரி. "காவலுக்குப் பத்துப் பேர், அவர்களை மேற்பார்வை பார்க்க இருபது பேர், எல்லோருக்கும் மேலே தலைவர் ஒருவர் வேண்டும்."

அந்த முப்பத்தொரு பேரும் தன் மாமன் மச்சான்கள் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

"இருக்கிற ஓர் ஆமையே தண்டம்!" என்று உறுமியது காட்டுப்பன்றி. "காவலே வேண்டாம். அவரவர் வாசலை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்."

பன்றி கரையைத் தோண்டிக் கிழங்கு தின்னும்போதெல்லாம் ஆமை கத்திவிடும். எரிச்சல் இருக்காதா, பின்னே?

சபைக்குத் தலைவர் யானை. யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர். "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. முடிவு தெரியும்வரை ஆமை வேலை பார்க்கக் கூடாது," என்றது. அடடா, என்ன புத்தி! சபை முழுவதும் தலையாட்டியது.

மூன்றாம் நாள் ஒரு முயல் மூச்சிரைக்க ஓடிவந்தது. கரைக்குக் கீழே ஒரு புதரில் அதன் மூன்று குட்டிகள் இருந்தன. இன்னும் ஓடப் பழகாத பச்சைக் குட்டிகள்.

"ஐயா, என் புதருக்கு மேலே தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. ஓட்டை என் காதளவு ஆகிவிட்டது. என் ஒருத்தியால் அடைக்க முடியவில்லை. யாராவது வாருங்கள்!"

"குறுக்கே பேசாதே. முப்பத்தொரு பேரா, ஒருவரும் வேண்டாமா என்பதே இன்னும் முடியவில்லை," என்றது நரி.

"உன் புதர், உன் பாடு," என்றது பன்றி.

"மனு கொடுத்துவிட்டுப் போ, அம்மா," என்றது யானை.

"நாசமாய்ப் போங்கள்!" என்று முயல் திரும்பி ஓடியது. ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விப் பாறைமேல் சேர்த்தது. இரண்டு சேர்ந்தன. மூன்றாவது இன்னும் புதரில் இருந்தது. அதற்குள் ஓட்டை குடத்தளவு ஆகிவிட்டது.

ஆமை கரைமேல் ஏறியது. "ஓட்டை! ஓட்டை!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

"தடையை மீறிக் கத்துகிறதே! முதலில் இதை விசாரிக்க வேண்டும்," என்றது நரி. இதில் மட்டும் பன்றிக்கும் சம்மதம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கரை உடைந்தது. ஆமை வெள்ளத்தில் குதித்தது. மூன்றாவது குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு, நீந்திப் பாறைக்கு வந்து சேர்ந்தது. முயல் அதை நக்கி நக்கி அழுதது. பொழுது சாய்வதற்குள் ஏரி காலியானது.

முயலும் ஆமையும் குட்டிகளோடு மலைக்கு அப்பால் ஒரு குட்டைக்குப் போய்விட்டன. சபை என்ன செய்தது தெரியுமா? காய்ந்த ஏரியில் இடம் தாராளமாக இருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து வாதத்தைத் தொடர்ந்தது!

சித்திரை வந்தது. நாக்கு வறண்டு, நரி, பன்றி, யானை மூவரும் அந்தக் குட்டையைத் தேடி வந்தார்கள். ஆமை கரைமேல் நடந்துகொண்டிருந்தது. குட்டிகள் களிமண் உருட்டிக்கொண்டிருந்தன.

அந்த நிலையிலும் நரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இங்கே அரசாங்கம் பெரியதா, சிறியதா?" என்று கேட்டது.

முயல் மூன்று களிமண் உருண்டைகளை அவர்கள் முன்னால் தள்ளியது. "அதோ அங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. அடைத்துவிட்டு வந்து தண்ணீர் குடியுங்கள்," என்றது.

நீதி: அரசாங்கம் பெரிதாக வேண்டுமா, சிறிதாக வேண்டுமா என்று சண்டை போடுவதற்கு முன், அதன் வேலை நடக்கிறதா என்று பார்.