மிதவைக்குள் பெட்ரோல்

“எல்லாத்தையும் மாத்திட்டேன் தங்கச்சி. இன்னும் பெட்ரோல் வடியுது” என்றார் தனிஸ்லாஸ்.

ஜெசிந்தா ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “என்னத்த மாத்துனீங்க?”

“வாஷர். பெட்ரோல் குழாய். ஸ்குரூவ எல்லாம் நல்லா இறுக்கிட்டேன்.”

“இறுக்குனா நிக்குதா?”

“கூடத்தான் செய்யுது.”

தூத்துக்குடியில் ஜெசிந்தாவின் ஒர்க்‌ஷாப்புக்கு அவர் சாயங்காலந்தோறும் வந்துகொண்டிருந்தார். பந்தல் போடுகிறவர். வண்டி வேலை தெரியாது. அங்கே அவர் சரிசெய்துகொண்டிருந்த பழைய மோட்டார் சைக்கிள் அவருடைய தம்பி ரெக்சனுடையது. இரும்புக் கடையில் கிடந்ததை வாங்கி, ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தான். முடிப்பதற்குள் மாரடைப்பில் போய்விட்டான்.

“நீ கை வைக்கக் கூடாது. சொல்லி மட்டும் குடு. நான்தான் முடிக்கணும்” என்று முதல் நாளே தனிஸ்லாஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கை வைத்ததே இல்லை.

“கார்புரேட்டரக் கழத்துங்க” என்றாள்.

கழற்றினார். அடிக் கிண்ணத்தைத் திறந்தார். உள்ளே பித்தளை மிதவை ஒன்று. பெட்ரோல் நிறைய நிறைய அது மேலே எழும்பும். எழும்பி, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். அவ்வளவு தூரம் அவரும் கற்றிருந்தார்.

“அதக் காதுகிட்ட வச்சு ஆட்டுங்க.”

ஆட்டினார்.

சளக் என்றது.

“உள்ள பெட்ரோல் இருக்கு!”

“அதான் எழும்ப மாட்டேங்குது.”

“எப்படிப் போச்சு? ஓட்டையே தெரியலையே.”

ஜெசிந்தா பக்கத்து டீக்கடைக்குப் போனாள். தூக்குவாளி நிறையச் சுடுதண்ணீரோடு வந்தாள்.

“இதுல போட்டு அமுக்கிப் பிடிங்க.”

ஸ்குரூடிரைவரால் அமுக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒட்டு ஓரத்திலிருந்து ஒரு குமிழ். அதன் பின்னால் இன்னொன்று.

“கண்டுபிடிச்சாச்சு! ஈயம் வச்சு அடைச்சிரவா?”

“இப்ப அடைச்சா உள்ள இருக்கது உள்ளேயே கிடக்கும்லா. எல்லாம் வரட்டும். உக்காருங்கண்ணே.”

உட்கார்ந்தார். குமிழ்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் சாவுக்குப் பந்தல் நான்தான் போட்டேன்” என்றார்.

அவள் தூக்குவாளியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“எல்லாரும் பெட்டிகிட்ட உக்காந்து அழுதாவ. நான் நாற்காலி பத்தலன்னு அலஞ்சிக்கிட்டு இருந்தேன். லைட்டு எரியுதா, பங்குச் சாமியார் வந்துட்டாரான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மண்ணு போட்ட கையோட பந்தலப் பிரிக்க வந்துட்டேன். மறுநாள் ஒரு கல்யாண வீடு.”

ஸ்குரூடிரைவர் விலகியது. மிதவை வழுக்கி மேலே வந்தது. அதை மறுபடி அமுக்க அவர் கை போகவில்லை.

“தங்கச்சி, எந்தம்பி...”

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெசிந்தா தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்தாள்.

“ஆறிட்டு. வேற வாங்கிட்டு வாரேன். மிதவையக் கையில வச்சிக்கிடுங்க.”

அவர் எடுத்துக்கொண்டார். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூக்குவாளியோடு அவள் வெளியே வந்தாள். ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

“கடையில கூட்டமா இருக்குண்ணே. கொஞ்சம் நேரமாகும்.”

டீக்கடையில் ஒருவரும் இல்லை.

அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, ஷட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்றாள்.