கடலின் வாயை அடைத்த கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டர் வாங்க லடிஸ்லாஸ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாது என்று ஜெரினாவுக்குக் கடைப்படி ஏறும்போதே தோன்றிவிட்டது. உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக அவர் கடைக்காரர் பொன்னுதுரையிடம், "தம்பி, பாட்டு ரிக்கார்டிங்குக்குப் பெட்டி வேணும். என்னை ஏமாத்த முடியாது பாத்துக்கோ. இந்த ஊருல மொதமொத கம்ப்யூட்டர்ல பாட்டுப் போட்டவன் நாந்தான்" என்றார்.

லடிஸ்லாஸ் தூத்துக்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். ஜெரினா அதே குழுவில் பாடுகிறவள். கல்யாண வீடுகளில் எத்தனையோ பேர் போட்ட மெட்டுகளைப் பாடிப் பாடி, இப்போதுதான் சொந்தமாக ஒன்று போட்டிருந்தாள். மாதா திருவிழாவுக்கு ஒரு பாட்டு. சாயங்காலத்துக்குள் ரிக்கார்டு பண்ணி அனுப்பாவிட்டால் போன வருசப் பாட்டையே போட்டுவிடுவோம் என்று திருவிழாக் கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது. அந்த மெட்டை அவள் இன்னும் யாரிடமும் பாடிக் காட்டவில்லை. நினைத்தாலே பயமாக இருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக லைட் எரிந்த ஒரு கம்ப்யூட்டரை லடிஸ்லாஸ் பிடித்துக்கொண்டார். "இதை எடு ஜெரினா. லைட்டு தாளத்துக்கு எரியும்."

ஜெரினா அதன்மேல் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது. பக்கத்தில் ஏதோ பேங்கில் கழித்துப் போட்ட கறுப்புப் பெட்டி ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதிலும் காதை வைத்தாள். ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

"இது போதும் அண்ணாச்சி. மைக்குல ஃபேன் சத்தம் விழாது" என்றாள். "ஆனா இங்கயே ஒருக்கா பாடிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

"தாராளமா. புது டிஸ்க்கு போட்டு சாஃப்ட்வேர் ஏத்தணும். கொஞ்சம் உக்காருங்க" என்றார் பொன்னுதுரை.

உட்கார்ந்தார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. லடிஸ்லாஸுக்குச் சும்மா உட்கார வராது.

"என் பெட்டி கதை உனக்குத் தெரியாதுல்லா" என்று ஆரம்பித்தார்.

ஜெரினா கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே கம்ப்யூட்டர் என்று ஒன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. சொல்லவில்லை. வட்டம் சுற்றி முடிகிற வரைக்கும் பொழுது போக வேண்டுமே.

"ஆர்பருக்குப் பக்கத்துல ஒரு கப்பல் ஆபீஸை மூடினாவ. பழைய பெட்டியெல்லாம் ஏலம். மூலையில ஒண்ணு கெடக்கு. நாலு லோடுமேன் சேந்து தூக்குதானுவ, அசையல. ஏன்? அவ்வளவு கப்பலோட சரக்குக் கணக்கும் அதுக்குள்ளல்லா இருக்கு! கனம் இருக்காதா? நான் பாத்தேன். அங்கயே பிளக்கைச் சொருகி ஃபார்மட் அடிச்சேன். கணக்கெல்லாம் அழிஞ்சிட்டு. பொறவு ஒத்தக் கையில தூக்கி சைக்கிள் கேரியர்ல வச்சுக் கொண்டாந்தேன்."

பொன்னுதுரை ஸ்குரூவைத் திருகிக்கொண்டே, "ஃபார்மட் அடிச்சா எடை குறையுமா அண்ணாச்சி?" என்றார்.

"நீ அடிச்சா குறையாது" என்றார் லடிஸ்லாஸ். "வீட்டுல வச்சு ராம் கொஞ்சம் கூடப் போட்டேன். அதுதான் தப்பாப் போச்சு. வேகம்னா அப்படி ஒரு வேகம். நான் பல்லவி வாசிச்சு முடிக்கல, அது சரணத்துல நிக்கி. திங்கக்கிழமை போயி உக்காந்தா, நான் செவ்வாக்கிழமை போடப் போற மெட்டு ரெடியா இருக்கு."

"அப்ப நீங்க எதுக்குண்ணே?" என்றாள் ஜெரினா.

"நிறுத்துததுக்கு ஆளு வேண்டாமா?"

பொன்னுதுரை சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். அது லடிஸ்லாஸுக்கு இன்னும் உற்சாகமாகிவிட்டது.

"அம்புட்டு வேகத்துல ஓடினா சூடு வருமா, வராதா? பெட்டி பின்னால வெக்கை அடுப்பு கெணக்கா வீசுது. பக்கத்து வீட்டு மைனி மீனைக் கொண்டாந்து பின்னால பரப்பிட்டுப் போயிருவாவ. ஒரு குத்துப் பாட்டுக்கு நெத்திலி காஞ்சிரும். மெலடின்னா கொஞ்சம் பொறுக்கணும். அந்த மழைக்காலம் பூரா எங்க தெருவுக்குக் கருவாடு அந்தப் பெட்டியிலதான்."

"பாட்டுல கருவாட்டு வாடை வரலையா?" என்றாள் ஜெரினா.

"வந்துச்சே. மதுரைக்காரன் ஒருத்தன் கேட்டுட்டு, இந்தப் பாட்டைக் கேட்டா பசிக்குதுன்னு போன் போட்டாம்லா!"

திரையில் வட்டம் இன்னும் சுற்றியது. ஜெரினா தான் கொண்டுவந்திருந்த மைக்கின் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். புளுகைக் கேட்கிற சாக்கில் அந்தப் பயம் கொஞ்சம் மறந்துதான் போயிருந்தது.

"இதெல்லாம் பெரிசில்ல" என்று லடிஸ்லாஸ் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் பாட்டு எடுக்கேன். கடல் இரைச்சல் குறுக்க வந்து விழுது. சாஃப்ட்வேர்ல சத்தத்தை எடுக்க ஒரு பட்டன் உண்டு. அதைக் கொஞ்சம் கூட அமுக்கிட்டேன். அவ்வளவுதான். கடல் வாயை மூடிட்டு!"

"பாட்டுலயா?" என்றார் பொன்னுதுரை.

"கடல்லடே! அலை வருது, போவுது, ஒரு சத்தம் கெடையாது. ஊமைப் படம் கெணக்கா. கடலுக்குப் போன ஆளுக கரை எந்தப் பக்கம்னு தெரியாம சுத்துதாவ. மாதா கோயில் சாமியாரு அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடி வாராரு. 'லடிஸ், கடலைத் திருப்பிக் குடு'ன்னு கையெடுத்துக் கும்பிடுதாரு. பாவமாப் போச்சு. கண்ட்ரோல் இசட் அடிச்சேன். சத்தம் வந்துட்டு. ஆனா அவசரத்துல சுருதியைப் பாக்கல. இன்னைக்கும் நம்ம ஊருக் கடல் அரைக்கட்டை மேலதான் கெடக்கு. வேணும்னா போயிக் கேளு."

பொன்னுதுரை ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "நான் பொறந்து வளந்ததே கடற்கரையிலதான். எனக்குத் தெரியாம எப்ப அண்ணாச்சி கடல் ஊமையாச்சு?"

"அன்னைக்கு நீ எங்க இருந்த?"

"என்னைக்கு?"

"அதான், எங்க இருந்தன்னு உனக்கே தெரியல. பொறவு பேசுத!"

ஜெரினா சத்தமாகவே சிரித்துவிட்டாள். அதே நேரம் வட்டம் நின்று திரை திறந்தது. சாஃப்ட்வேரும் ஏறிவிட்டது. மைக்கை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள். "வயர் வேலையை என்கிட்ட விடு" என்று லடிஸ்லாஸ் பிடுங்கிக்கொண்டு போய்ப் பெட்டியின் பின்னால் குனிந்து சொருகினார். பட்டனையும் தட்டிவிட்டுத் திரையை மறைத்தபடி நின்றார். பொன்னுதுரை சீலிங் ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

ஜெரினா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாம் சரணத்தில் என்னவோ திறந்துகொண்டது. எந்த மேடையிலும் வராத ஒரு குரல், தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியாத ஒரு குரல், இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது பொன்னுதுரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லடிஸ்லாஸின் விரல்கள் மேசைமேல் அந்த மெட்டைத் தேடிக்கொண்டிருந்தன.

"போட்டுப் பாருங்கண்ணே."

போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. திரையில் குரல் மேடும் பள்ளமுமாக எழும்ப வேண்டிய இடத்தில் ஒரு கோடு நீட்டிப் படுத்துக் கிடந்தது.

பொன்னுதுரை பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தார். "மைக்கு பின்னை பிங்க் ஓட்டையில சொருகணும் அண்ணாச்சி. இது பச்சையில இருக்கு. பச்சை ஸ்பீக்கருக்கு உள்ளது."

அந்த இரண்டாம் சரணம் இனி வருமா? திட்டலாம் என்று ஜெரினா திரும்பினாள். லடிஸ்லாஸின் முகம் செத்துப் போயிருந்தது. உதட்டை நனைத்துக்கொண்டார். ஒரு தடவை கனைத்தார்.

"ஜெரினா, நீ விசாரப்படாத. நான் தெரிஞ்சேதான் பச்சையில சொருகுனேன். பிங்க் ஓட்டையில பாடினா பெட்டிக்குள்ள போவும். பச்சை வெளிய போற ஓட்டை. வெளியன்னா எங்க? நேரா மேல! உன் மொதப் பாட்டு மாதாவுக்குப் போயிட்டு. இப்பம் அங்க சம்மனசுக அம்புட்டும் றெக்கையை மடக்கிக்கிட்டுச் சுத்தி நின்னு கேக்குது. மாதா முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டு 'ஒன்ஸ் மோர்'ங்காவ..." கடைசி வார்த்தையில் அவர் குரல் லேசாக உடைந்தது.

ஜெரினா அவரையே பார்த்தாள். புளுகினபடியே மன்னிப்பும் கேட்க இந்த மனுசனால்தான் முடியும். கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியதாகிவிட்டது.

"அப்ப மாதாகிட்டயே சொல்லி கமிட்டிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பின்னைப் பிடுங்கிப் பிங்க் ஓட்டையில் சொருகினாள்.

மறுபடியும் பாடினாள். முதல் தடவை வந்தது அப்படியே வரவில்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனால் நல்லாத்தான் வந்தது. கோடு குதித்துக் குதித்து ஓடியது. அங்கிருந்தே அனுப்பினாள். பொன்னுதுரை பெட்டியைத் துடைத்து அட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது கமிட்டியிலிருந்து போன் வந்தது. கொடியேற்றத்துக்கு இந்தப் பாட்டுத்தான் என்றார்கள். ஜெரினா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

லடிஸ்லாஸுக்கு உயிர் திரும்பிவிட்டது. "பின்ன என்ன, மேல போயி ஆசீர்வாதம் வாங்கிட்டு வந்த பாட்டுல்லா! கொடியேத்தம் அன்னைக்குப் பாரு, ரெண்டு குரல்ல கேக்கும். ஒண்ணு ஸ்பீக்கர்ல. இன்னொண்ணு வானத்துல இருந்து. ஊரே அண்ணாந்து பாக்கப் போவுது!"

"வானத்துல கேக்குறது கேக்கட்டும்ணே" என்றாள் ஜெரினா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஸ்பீக்கர்ல கேக்கணும்னா அன்னைக்கு நீங்க வயரைத் தொடாம இருங்க."