சுண்ணாம்பு பூசிய மூட்டை

“இந்தப் பிள்ளைகளுக்குக் காது இல்ல, மாஸ்டர்” என்றான் சத்தியசீலன்.

அஸ்வர் மாஸ்டர் நிமிரவில்லை. மைதானத்தின் எல்லைக்கோட்டில் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே நடந்தார். காலை ஆறரை மணி. மலைச்சரிவில் மூடுபனி இன்னும் கலையவில்லை.

“காது இல்லாமலா நீ விசிலடிச்சதும் ஓடி வருதுகள்?”

“பகிடிக்குச் சொல்லல்ல, மாஸ்டர்.”

சீலன் பதினான்கு ஆண்டுகள் சம்பளத்துக்கு றக்பி ஆடியவன். அவன் மறித்து வீழ்த்தினால் எதிராளி எழுந்திருக்க நேரமாகும் என்று கண்டி வரைக்கும் பேச்சு உண்டு. முப்பத்தைந்தாம் வயதில் ஆட்டத்தை விட்டான். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் அணியைப் பழக்க ஒப்புக்கொண்டு ஓராண்டு ஆகிறது.

அவன் கையில் முதன்முதலாகப் பந்தைக் கொடுத்தவர் அஸ்வர் மாஸ்டர். அவருக்குப் புகழ்ந்து பழக்கமில்லை. ஆறுதல் சொல்லியும் பழக்கமில்லை.

சீலன் ஒரு கடிதத்தை நீட்டினான்.

“என்ன இது?”

“விலகல் கடிதம். கழகத்துக்கு நீங்களே குடுத்துருங்க.”

மாஸ்டர் அதைப் பிரிக்காமலே வாங்கி, பறந்துவிடாதபடி சுண்ணாம்பு வாளியின் அடியில் வைத்தார்.

“காரணம்?”

“யசோதினி.”

சென்ற சனிக்கிழமை ஆட்டத்தில், தன் வலப்பக்கமாகப் பந்தோடு ஓடி வந்தவளை மறிக்க யசோதினி இடது தோளைக் கொடுத்தாள். அதனால் அவள் தலை, ஓடுகிறவளின் முழங்காலுக்கு நேர் முன்னே போய் அடிபட்டது. மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தாள். வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் தங்கையின் பெயரை யோசித்துத்தான் சொல்கிறாள்.

“நூறு தரம் சொல்லிட்டேன், மாஸ்டர். வலப்பக்கம் வந்தா வலது தோள், இடப்பக்கம் வந்தா இடது தோள், தலை எப்பவும் ஓடுறவளுக்குப் பின்னால. கேட்டா ஒப்பிக்கிறாளுக. ஆட இறங்கினா அத்தனை பேரும் இடது தோள்தான்.”

“அத்தனை பேருமா?”

“திங்கக்கிழமை வந்து சேர்ந்த மிருணா மட்டும் ஒழுங்கா மறிக்கிறா. அவளுக்குப் பந்தையே சரியாப் பிடிக்கத் தெரியாது. ‘சேர், நீங்களும் முந்தி விளையாடினீங்களா?’ன்னு என்கிட்டயே கேக்கிறா.”

மாஸ்டர் சிரித்தார். சீலன் சிரிக்கவில்லை.

“எனக்கு ஆட மட்டும்தான் தெரியும். இன்னொரு பிள்ளை விழ முந்தி நான் போயிடுறேன்.”

“போ. போறதுக்கு முந்தி அந்த மூட்டையக் கொண்டு வா.”

மறித்துப் பழகுவதற்காகப் பஞ்சு அடைத்த, ஆள் உயர மூட்டை அது. மாஸ்டர் அதை நிறுத்தி, வாளியிலிருந்து சுண்ணாம்பை அள்ளி மேலிருந்து கீழ்வரை பூசினார்.

“உன் பிள்ளைகளுக்குக் காட்டுற மாதிரி ஓடி வந்து மறி.”

சீலன் ஓடி வந்தான். மூட்டை மல்லாந்தது.

மாஸ்டர் அதைத் தூக்கி, அவனுக்கு வலப்பக்கமாக நகர்த்தி வைத்தார்.

“மறுபடி.”

மல்லாந்தது.

“மறுபடி.”

பத்தாவது முறை மூட்டையோடு புல்லில் கிடந்தபோது சீலனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“என்ன பிழைன்னு சொல்லுங்களேன், மாஸ்டர்.”

“நான் பிழைன்னு சொன்னேனா? எத்தனை தரம் வலப்பக்கம் வெச்சேன்?”

“முதல் தரம் போக எல்லாத் தரமும்.”

மாஸ்டர் அவன் சட்டையைப் பார்த்தார். அவனும் குனிந்து பார்த்தான்.

கருநீலச் சட்டையின் இடது தோள் சுவரைப் போல வெளுத்திருந்தது. வலது தோளில் ஒரு துகள்கூட இல்லை.

பனிக்குள் எங்கோ ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

“வலது தோள் எந்த ஆட்டத்துல அடிபட்டது?” என்று கேட்டார் மாஸ்டர்.

சீலன் வலது தோளைத் தடவிக்கொண்டான்.

“அரையிறுதி. பன்னிரண்டு வருஷம் ஆச்சு.”

அன்று வலது தோளெலும்பு முறிந்தது. ஆறே வாரத்தில் அவன் மீண்டும் ஆட இறங்கினான். பத்திரிகைகள் அதை வீரம் என்று எழுதின. நொந்த தோளை ஒளித்து ஆடக் கற்றான். பிறகு, ஒளித்ததையே மறந்தான். ஊர் கைதட்டியதெல்லாம் அந்த ஆட்டத்துக்குத்தான்.

“அப்ப யசோதினி...” என்று தொடங்கினான். முடிக்கவில்லை. மாஸ்டர் முடித்துக் கொடுக்கவுமில்லை.

பிள்ளைகள் வாயிலருகே கூட்டமாக வந்தார்கள்.

“சேர், வீட்ல ரொட்டி சுட்டீங்களா? தோளெல்லாம் மா.”

“ஒரு பக்கம்தான் மா இருக்குடி. மத்தப் பக்கம் சேர் வீட்டு அக்கா சுட்டிருப்பாங்க.”

சிரிப்பு எழுந்தது. மாஸ்டர் வாளியைத் தூக்கி, அடியிலிருந்த கடிதத்தை எடுத்தார்.

“கழகத்துக்குக் குடுக்கவா?”

சீலன் அதை வாங்கவில்லை.

“வரிசையா நில்லுங்க” என்றான் பிள்ளைகளிடம். “மிருணா, நீ முதல்ல. மத்தவங்க அவளைப் பாருங்க. என்னைப் பார்க்க வேணாம்.”

மிருணா வெட்கத்தோடு ஓடிப்போய், வலது தோளால் மூட்டையைச் சாய்த்தாள்.

ஒவ்வொருத்தியாக ஓடினார்கள். தடுமாறினார்கள். சீலன் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். அவனுக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

“இங்க ஏன் சேர் நிக்கிறீங்க?”

“பழகத்தான்.”

அவன் முறை வந்தது. மாஸ்டர் மூட்டைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு பூசினார்.

“வலிக்கும், மாஸ்டர்” என்றான் தாழ்ந்த குரலில்.

“வலிக்கட்டும். அதையும் அதுகள் பார்க்கட்டும்.”

மாஸ்டர் மூட்டையை வலப்பக்கமாக நகர்த்தி வைத்தார்.