சீம்பாலும் ஒரு மீசையும்

மலையடிவாரக் காட்டில் ஒரு கரடி இருந்தது. ஒரு நாள், காட்டை ஒட்டிய தோட்டத்தில் பழுத்துக் கிடந்த மிளகாயைப் பழம் என்று நினைத்து வாயில் போட்டது. முதல் கடியிலேயே தவறு தெரிந்துவிட்டது. ஆனால் மரத்தின் மேல் குரங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன. "நல்ல இனிப்பு" என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வழிய ஒரு பாத்தி முழுவதையும் தின்று முடித்தது.

அன்றிலிருந்து அதன் குடல் அழன்று வீங்கிவிட்டது. கிழங்கு தின்றால் எரிந்தது. கறையான் தின்றால் எரிந்தது. தேன்கூட எரிந்தது. பட்டினியில் கரடியின் தோல், யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டதுபோலத் தொங்கியது. மரம் ஏறத் தெம்பில்லை. மழை இறங்கிவிட்டால் தேனீக்கள் தேனைத் தாங்களே குடித்துவிடும். அதற்குள் உடம்பு தேறாவிட்டால் மழைக்காலத்தைத் தாண்ட முடியாது.

குளத்தங்கரையில் ஓர் எருமை கன்று ஈன்றிருந்தது. பால் பண்ணையிலிருந்து தப்பி வந்த எருமை அது. கன்று வயிறு முட்டக் குடித்த பிறகும் மடியிலிருந்து பால் கசிந்து, ஒரு பாறைக் குழியில் தேங்கியது.

"கரடித் தம்பி, ஏன் இப்படி வாடிக் கிடக்கிறாய்?"

"வயிறு, அக்கா. உள்ளே அடுப்பு எரிகிறது."

"அந்தக் குழியில் இருப்பது சீம்பால். கன்று போட்டால் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது வழக்கம். குடி."

"பால் குடித்தால் எரிச்சல் போகுமா?"

"கன்றின் குடல் புதுசு. எது பட்டாலும் அழலும். அதைக் காக்க இந்தப் பாலில் ஒரு புரதம் இருப்பதாகப் பண்ணைக்கு வரும் மாட்டு டாக்டர் சொல்வார். கெட்ட கிருமிகள் வளர இரும்பு வேண்டுமாம். அந்த இரும்பை இந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். குடலின் கொதிப்பும் அடங்குமாம். உனக்குக் கேட்குமா, தெரியாது. கேட்கலாம்."

கரடி வயிற்றைத் தடவிப் பார்த்தது. "உள்ளே இரும்பு வேறு இருக்கிறதா?"

எருமை சிரித்துக்கொண்டே கன்றோடு மேயப் போனது. கரடி குழியின் பக்கம் குனிந்தபோது புதரிலிருந்து காட்டுப்பூனை வெளியே வந்தது.

"கரடியாரே, இதையா குடிக்கப் போகிறீர்? பால் என்றால் வெள்ளையாக இருக்கும். இது மஞ்சள். பெயரையாவது கேட்டீரா? சீம்பால். பெயர் வைத்தவனே 'சீ' என்று சொல்லிவிட்டுத்தான் வைத்திருக்கிறான்."

கரடி யோசித்தது. நியாயமாகத்தான் பட்டது.

"எருமையக்காவுக்கு வெகுளி மனசு," என்றது பூனை. "அது நோகக் கூடாது. நானே இதைக் கொட்டிவிடுகிறேன். நீர் போய்ப் படும்."

கரடி நன்றி சொல்லிவிட்டு நடந்தது. வழியெல்லாம் வயிறு எரிந்தது. முடியாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. போன வருடம் அது ஒன்று விடாமல் தின்று தீர்த்த மரம். இப்போதும் கிளையெல்லாம் பழுத்திருந்தது.

"சீத்தாப்பழம்," என்றது கரடி. சற்று நிறுத்தி, மறுபடியும் சொல்லிப் பார்த்தது. "சீ... த்தாப்பழம்."

எழுந்து வந்த வழியே ஓடியது.

பூனை குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. பால் பாதிதான் இருந்தது.

"கொட்டிவிட்டாயா?"

"கொட்டிக்கொண்டே இருக்கிறேன். நாற்றம் தாங்கவில்லை."

"எங்கே கொட்டினாய்?"

"அதோ, அந்தப் பக்கம்."

கரடி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பூனையின் முகத்தைப் பார்த்தது. மீசை முடி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மஞ்சள் துளி தொங்கியது.

"கொட்டினாயா, கொட்டிக்கொண்டாயா?"

மரத்தின் மேல் குரங்குகள் சிரித்த சிரிப்பில் இலைகள் உதிர்ந்தன. பூனை புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

மிச்சத்தைக் கரடி குடித்தது. சீம்பால் சுரந்த நாள்வரை, கன்று குடித்த பிறகு தினமும் வந்து குடித்தது. மிளகாய்த் தோட்டத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. எரிச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. ஒரு காலையில் ஒரு கிழங்கைத் தின்றுவிட்டுக் காத்திருந்தது. எதுவும் எரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இன்னொரு கிழங்கைத் தின்றது.

மழைக்கு முன்பே மரமேறி, பெரிய தேனடை ஒன்றைக் கொண்டுவந்து பாறைக் குழியில் வைத்தது.

"எனக்குப் புல் போதுமே, தம்பி."

"வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாமா, அக்கா?"

கன்று தேனில் மூக்கை விட்டுத் துள்ளியது. புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தேனா? சே, அது ஈயின் எச்சில்."

கரடி புதரை விலக்கிப் பூனையின் மீசையை உற்றுப் பார்த்தது. காய்ந்திருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கவில்லை," என்றது.

எருமை சிரித்தது. குரங்குகள் சிரித்தன. கடைசியில் பூனைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்றைக் கெட்டது என்று யாராவது சொன்னால், அதைத் தள்ளிவிடுவதற்கு முன் சொன்னவரின் மீசையைப் பார்க்க வேண்டும்.