உமரி கொடுத்த சாம்பல்

செடிகொடிக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கடலோர உவர்நிலத்தில் உமரியைப் போல ஏச்சு வாங்கிய செடி வேறு கிடையாது. "உப்பைக் குடிச்சே ஊதிப்போன மூதேவி!" என்று தாழை வாய் ஓயாமல் கேலி செய்யும். உமரியோடு உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் பேராச்சி.

ஊருக்குத் துணி வெளுப்பவள் அவள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவள். விசேஷ வீட்டுக்கு மாற்றுத்துணி கொடுப்பது வெளுப்பவர் வழக்கம். புதுத்தோணி இறக்கிய வீட்டார் பந்தலில் கட்டத் துணி கேட்டதும், கல்யாணப்பெண் இசக்கி கஞ்சி போக அலசக் கொடுத்திருந்த கூறைச்சேலையையே எடுத்துக் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்த சேலை முழுக்க, தோணிக்குப் பூசிய சுறா எண்ணெய்! மறுநாள் இசக்கிக்குக் கல்யாணம். அழுக்கெடுக்கும் உவர்மண்ணையும் போன வாரம்தான் கடல் ஏறி வாரிக்கொண்டு போயிருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் இனி எந்த வீட்டுத் துணியும் பேராச்சி கைக்கு வராது.

அன்று காலையிலேயே உமரியிடம் வந்து ஓவென்று அழுதாள்.

"அழாத தாயி. நான் குடிச்ச உப்பெல்லாம் உடம்புலதான் இருக்கு. என்னை எரிச்சுச் சாம்பலைத் தண்ணியில கரை. தெளிஞ்ச தண்ணியில சேலையை முக்கு."

"உன்னையா? எனக்கு மனசு வருமா?"

"வேரை மட்டும் விட்டுரு. சீக்கிரம், வெயில் ஏறுது."

கோடையில் பாதி காய்ந்து நின்ற செடியை அறுத்து, கண்ணை மூடிக்கொண்டு தீ வைத்தாள். சாம்பல் தெளிவில் சேலையை முக்கியதும் எண்ணெய் நுரைத்து, வழுக்கிக்கொண்டு கழன்றது. சாயங்காலம் காய்ந்த சேலையை முகர்ந்து பார்த்தாள். சுறா வாடை துளியும் இல்லை. அப்பாடா என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனாலும் கருகிய தூரைப் பார்க்கப் பேராச்சிக்குத் தைரியம் வரவில்லை. எட்டாம் நாள், ஒரு மழைக்குப் பிறகு, தயங்கித் தயங்கிப் போனாள். கரிக்கு நடுவே விரல் நுனியளவு ஒரு சிவந்த துளிர்.

"சேலை வெளுத்துச்சா தாயி?" என்றது அது.

பேராச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

கோடைதோறும் உமரி சிவப்பது அன்று பட்ட சூட்டினால்தான். அழுக்கெடுக்கும் சாம்பல் காரத்துக்காக உமரியை அறுப்பவர்கள் வேரை மட்டும் விட்டுவிடுவதும் அந்த நாளிலிருந்துதான்.